மிச்சம் பூஜ்யம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேரம் பேசுவதற்கு மதிப்பெண் போட்டு, அதை வாசலில் தொங்கவிட்ட கம்பெனி வேல்முகில் நிட்வேர்ஸ் ஒன்றுதான். மூன்றாம் மாடியில் ஒப்பந்தப் பிரிவுக்குள் நுழையும்போதே ஒரு திரை தெரியும். அதில் ஏழு பேரின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண். அந்த எண்ணுக்கு மிச்சம் என்று பெயர். எதிரில் உட்கார்ந்தவர் இன்னும் எவ்வளவு இறங்கி வந்திருப்பார், நாம் கேட்காமல் எவ்வளவை விட்டுவிட்டு எழுந்தோம் என்பதுதான் மிச்சம். எண் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரர்.

பட்டியலில் முதல் பெயர் எப்போதும் கோகிலவாணியுடையது. வயது நாற்பத்திரண்டு. கணவனும் மகளும் கோயம்புத்தூரில் இருக்க, கம்பெனி கேட்டுக்கொண்டது என்பதற்காகத் திருப்பூரில் தனியாக வீடெடுத்துத் தங்கியிருந்தாள்.

எண்ணைக் கணக்கிடும் கருவியை எல்லோரும் தராசு என்றார்கள். பார்ப்பதற்கு டம்ளர் வைக்கும் வட்டத் தட்டு மாதிரி இருக்கும். பேரம் நடக்கும் மேசையில் அது பேசாமல் கிடக்கும். எதிராளியின் மூச்சு, குரலின் ஏற்ற இறக்கம், பதில் சொல்வதற்கு முன் விழுங்கும் எச்சில் வரை எல்லாவற்றையும் கவனித்து, நம் ஆள் காதில் செருகியிருக்கும் குமிழ் வழியாக ஒற்றைச் சொல்லாகச் சொல்லும். கேள். பொறு. மறுத்துவிடு. கோகிலவாணி நேர்முகத் தேர்வுக்கு வந்த அன்று, அது என்னவென்று தெரியாமல் அதன் மேலேயே காப்பி டம்ளரை வைத்துவிட்டாள். எம்.டி. அருணகிரி சிரித்துக்கொண்டே டம்ளரை நகர்த்தினார். இந்தக் கதையை அவளே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மேசையில் அவ்வளவு கறாரான பெண், மேசையை விட்டு எழுந்துவிட்டால் தங்கம். யாருடைய லீவுக்குப் பதில் யார் வரவேண்டும் என்ற பேச்சு எழுந்தால் எல்லோரும் அவள் பக்கம்தான் திரும்புவார்கள். தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வந்தவனிடம் ஒன்று வாங்கினாள். அடுத்த மாதம் வேறொரு கம்பெனிக்காரன் வந்தான், இன்னொன்றும் வாங்கினாள். மகள் கேலி செய்தபோது, "பாவம், வெயில்ல வந்தாங்க" என்று சொன்னாள்.

மார்ச் மாதம்தான் நாச்சிமுத்துவின் பேரம் நடந்தது. நொய்யலுக்குத் தெற்கே சாயப்பட்டறை வைத்திருப்பவர். நான்கு ஆழ்குழாய்க் கிணறுகள், சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம், அறுபது தொழிலாளர்கள். அதற்கு முன் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் இருபது வருடம் தரகு பார்த்தவர். தோளில் ஒரு துண்டோடு வந்து உட்கார்ந்து, முதல் ஒரு மணி நேரம் கோகிலவாணியைத் தண்ணி காட்டினார். துணிக்குச் சாயம் போட்டுத் திருப்பித் தர அவர் கேட்ட பதினான்கு நாள் தவணையைப் பதின்மூன்றாக்கவே மூன்று டீ ஆனது.

ஆனால் தராசுக்கு டீயும் தேவையில்லை, அலுப்பும் கிடையாது. கேள், கேள் என்றது. அவள் கேட்டாள். தவணை ஒன்பது நாளாயிற்று. வேறு எந்தக் கம்பெனிக்கும் சாயம் போடக்கூடாது என்றாயிற்று. தாமதத்துக்குக் காரணம் வேல்முகிலாக இருந்தாலும் அபராதம் அவருக்குத்தான் என்றாயிற்று. மூன்றாவது மணி நேரத்தில் அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல முடியாதுங்க" என்றார். கேள் என்றது காது. கேட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. அந்தக் கணம் தட்டின் விளிம்பில் நீல ஒளி ஒரு சுற்று ஓடி அணைந்தது. மிச்சம் பூஜ்யம்.

நாச்சிமுத்து முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. "வேறென்னங்க வேணும்?" என்று கேட்டார். அதில் துளியும் குத்தலில்லை. உண்மையாகவே கேட்டார். மாலையில் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நாச்சிமுத்துவின் மனைவி பாவாத்தாள் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. கோகிலவாணியைப் பார்த்ததும் எழுந்து, பேச்சை நேராக ஆரம்பித்தாள்.

"எங்கூட்டுக்காரருக்கு வேண்டாங்கற சொல்லு வாயில வர மாட்டீங்குதுங்க."

"உக்காருங்க. என்ன ஆச்சு?"

"என்னத்தைச் சொல்றது? மிக்சி விக்க வந்தான், வாங்கினாரு. அவனே மறுக்கா வந்தான், மறுக்கா வாங்கினாரு. ஊட்டுல இப்ப ஒம்போது மிக்சி இருக்குது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் விளையாட்டுக்கு, ஏனுங்க உங்க புல்லட்டக் குடுங்கன்னான். சாவியக் குடுத்துப்போட்டாரு. அது கூடப் போனாப் போகுதுங்க. ஒரே பொம்பளப் புள்ளைங்க எங்களுக்கு. டீக்கடையில கேட்டாங்கன்னு மூணு ஊட்டுக்குக் கட்டிக் குடுக்கறேன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறாரு."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. பாவாத்தாளின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள்.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"கோயமுத்தூர் வரைக்கும் போயிட்டு வந்தாச்சு. மண்டையில ஒண்ணுமில்லைங்கறாங்க. உங்க மேசையிலிருந்து எந்திரிச்சு வந்த நாள்லேர்ந்துதான் இப்பிடி. இப்ப உங்க கம்பெனியிலிருந்து மறுக்காப் போன் வந்திருக்குது. வெள்ளிக்கிழமை வரோணுமாம். பட்டறையத் தொண்ணூத்தொம்போது வருசத்துக்குக் குத்தகை கேக்கறாங்களாம், கிணத்தோட. கேட்டா அவுரு சரின்னு சொல்லிப்போடுவாரு. அறுவது குடும்பங்க. நீங்கதான் அம்மிணி தடுத்து உடோணும்."

"சரிங்க" என்றாள் கோகிலவாணி.

அரை மணி நேரம் கழித்து எம்.டி. அழைத்தார். அருணகிரி கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீபாவளிக்கு ஒவ்வொருவர் மேசைக்கும் தானே வந்து இனிப்புக் கொடுப்பவர். எண் இறங்க வேண்டும், அவருக்கு அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணி. சாயப்பட்டறைக் குத்தகை. நீங்கதான் உட்காரணும், கோகிலா. உங்ககிட்டதான் அவர் பூஜ்யமானார்."

"சரிங்க சார்."

படியிறங்கும்போதுதான், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு காரியங்களுக்குத் தான் ஒப்புக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் புதன்கிழமை தராசைச் சரிபார்க்க மெர்லின் வந்தாள். கருவி செய்த நிறுவனத்தின் பொறியாளர், நாகர்கோவில்காரி. திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் கோகிலவாணி பாவாத்தாள் சொன்னதையெல்லாம் சொன்னாள். மெர்லின் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம், நாங்க முதல்ல பதினஞ்சுல ஒரு நிறுத்தம் வச்சிருந்தோம். மிச்சம் பதினஞ்சைத் தொட்டா காதுல போதும்னு சொல்லும், மீறிக் கேக்கிறதும் நிறுத்துறதும் உட்கார்ந்திருக்கிறவங்க இஷ்டம். அதை எடுத்துருங்கன்னு உங்க கம்பெனியிலேருந்துதான் கடிதம் வந்தது."

"யார் எழுதினது?"

"நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவளுக்கு நினைவு வந்தது. அருணகிரி ஒரு தாளை நீட்டினார், இவள் போட்டாள். படித்துப் பார்த்தாளா என்பது மட்டும் நினைவில்லை.

"பூஜ்யத்துல என்ன நடக்குது மெர்லின்?"

"சத்தியமா எங்களுக்கே சரியாத் தெரியாது. மறுக்கிறதுக்குன்னு மனுஷனுக்குள்ள ஒரு இடம் இருக்குல்லா, பேரம் பேசுற மனுஷன் அது வரைக்கும் போகமாட்டான். பசிக்கும், களைப்பா இருக்கும், போனாப் போகட்டும்னு எந்திச்சிருவான். தராசு எந்திக்காது. அந்த இடத்தையும் தாண்டிப் போயிரும். ஒரு தடவை தாண்டினா, அப்புறம் அந்த ஆள் யார்கிட்டயும் மறுக்கிற மாதிரித் தெரியல."

"திரும்ப வருமா?"

"வந்ததா நான் பாக்கல."

இதுவரை எத்தனை பேர் என்று கேட்டாள். மெர்லின் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். பதினோரு வரிகள். பத்துப் பேர் வேல்முகிலுக்குப் பொருள் கொடுப்பவர்கள். முதல் வரியில் மட்டும் பெயர் மறைக்கப்பட்டிருந்தது.

"அது எம்.டி. மட்டும் பாக்குற மாதிரிப் பூட்டியிருக்கு. தேதி மட்டும் தெரியுது பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஜூன் அஞ்சு."

"சோதனைக்கு யாரையாவது உட்கார வெச்சிருப்பாங்க."

"இருக்கும். நான் காட்டினேன்னு சொல்லிராதீங்க மேடம்."

"சரி."

மெர்லின் போனதும் கோகிலவாணி அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்குப் போன் செய்தாள். காதர்பேட்டையில் பொத்தான் வியாபாரம் செய்யும் சுலைமான் பாய். பேரத்தில் புலி என்று பெயரெடுத்தவர். நலம் விசாரித்துவிட்டு, "பாய், உங்க கடையை எனக்கே கொடுத்துடறீங்களா?" என்று கேட்டாள்.

"தாராளமா மேடம். சாவியை யார்கிட்டக் குடுத்தனுப்பட்டும்?"

விளையாட்டுக்குக் கேட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். வெளியே திரையில் அவள் பெயர் முதலிடத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை மதியம் நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனாள். ஒன்பது மிக்சிகளும் பெட்டி பிரிக்காமல் சுவரோரம் அடுக்கியிருந்தன. நாச்சிமுத்து வாசலுக்கே வந்து வரவேற்றார். பழைய மனிதர் அப்படியே இருந்தார். அதே சிரிப்பு, அதே தோள் துண்டு. சாயத்தைப் பற்றி, மழையைப் பற்றி எல்லாம் தெளிவாகப் பேசினார். எதைக் கேட்டாலும் சரி என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பாவாத்தாள் சாப்பாடு போட்டாள். "இன்னொரு கரண்டி வெக்கட்டுமா அம்மிணி?" என்றாள். சரிங்க. மறுபடியும் கேட்டாள். சரிங்க. மூன்றாம் முறையும் வைத்தாள். கோகிலவாணி மூச்சு முட்ட முட்ட எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள். நாச்சிமுத்து எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் கொல்லையில் கட்டியிருந்த காங்கேயம் காளையைக் கேட்டு ஒருவர் வந்தார். வெள்ளகோவில் பக்கத்து விவசாயி, செல்லப்பன் என்று பெயர். காளையும் போச்சு என்று பாவாத்தாள் தலையிலடித்துக்கொண்டாள். ஆனால் மாட்டு விலையை யாரும் வாயால் பேசுவதில்லை. நாச்சிமுத்து பழக்கதோஷத்தில் வலது கையை நீட்டி, துண்டை எடுத்து அதன் மேல் போட்டார். செல்லப்பன் துண்டுக்குள் கையை விட்டார்.

கோகிலவாணி இதைக் கேள்விப்பட்டிருக்கிறாள், பார்த்ததில்லை. "விரலைப் புடிச்சா விலைங்க" என்று பாவாத்தாள் கிசுகிசுத்தாள். "உள்ளங்கைய அமுக்கினா சம்மதம். கைய உருவிக்கிட்டா இல்லைன்னு அர்த்தம்."

துண்டு லேசாக அசைந்தது. "குடுத்தர்லாமுங்களா?" என்றார் செல்லப்பன்.

"சரிங்க" என்றார் நாச்சிமுத்து, முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் கை துண்டை விட்டு வெளியே வந்தது.

செல்லப்பன் விழித்தார். மறுபடியும் கை கோத்தார்கள். விரல்கள் பேசின. "சரிங்க, ஓட்டிட்டுப் போங்க" என்றது வாய். கை உருவிக்கொண்டது. மூன்றாவது முறையும் அப்படியே.

"ஏனுங்க, வாயில சரிங்கறீங்க, கைய உருவிக்கறீங்க. எதைங்க நான் நம்பறது?" என்று செல்லப்பன் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

நாச்சிமுத்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ கடன் கொடுத்த பொருளைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். பிறகு அவர் கண்கள் நிறைந்தன. பாவாத்தாள் துண்டை எடுத்து மறுபடியும் அந்தக் கை மேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டாள். புள்ளைய அவனாசிக்காரனுக்குக் குடுக்கலாமா? கை வந்துவிட்டது. பல்லடத்துக்காரனுக்கு? வந்துவிட்டது. மூணாவது மாப்பிள்ளைக்கு? கை அசையாமல் இருந்து, பிறகு மெல்ல அவள் உள்ளங்கையை அமுக்கியது. பாவாத்தாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

தராசு குரலைக் கேட்டிருக்கிறது, மூச்சை அளந்திருக்கிறது. துண்டுக்குள் இருந்த கை அதற்குத் தெரியவே தெரியாது. கோகிலவாணிக்குப் பல நாட்களுக்குப் பிறகு மனதார மகிழ்ச்சி வந்தது. "நாளைக்கு நீங்களும் கூடவே வாங்க. துண்டையும் கொண்டாங்க" என்று பாவாத்தாளிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரும் மேசையில் இருந்தார்கள். எம்.டி. சொன்னபடி கோகிலவாணி காதில் குமிழோடு உட்கார்ந்தாள். அருணகிரி பக்கத்தில். எதிரில் நாச்சிமுத்து, அவரை ஒட்டிப் பாவாத்தாள். இருவர் கைக்கும் மேலே துண்டு. வயதான தம்பதி கை கோத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அருணகிரி நினைத்திருப்பார். நெகிழ்ந்துபோய்ப் புன்னகைத்தார்.

தராசு முதல் கேள்விக்கு முன்பே நீலமாகச் சுற்றி அணைந்தது. கேள் என்றது காது. அவள் ஒவ்வொரு ஷரத்தாகக் கேட்டாள்.

"தொண்ணூத்தொன்பது வருஷம்."

"சரிங்க."

"நாலு கிணறும் சேர்த்து."

"சரிங்க."

"ஆட்களை வெச்சுக்கறதும் அனுப்பறதும் எங்க விருப்பம்."

"சரிங்க."

அருணகிரி பேனாவின் மூடியைக் கழற்றி நாச்சிமுத்துவின் முன்னால் வைத்தார். நாச்சிமுத்து சிரித்த முகத்தோடு அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"அவுரு கை வேண்டாங்குதுங்க" என்றாள் பாவாத்தாள்.

"என்னம்மா சொல்றீங்க? இப்பத்தானே எல்லாத்துக்கும் சரின்னார்!"

"வாய் சொல்லுச்சுங்க. கையெழுத்து வாயிலயா போடறது?" அவள் துண்டை விலக்கினாள். தன் கை மட்டும் உள்ளே இருந்தது. நாச்சிமுத்துவின் கை அவர் மடியில் இறுக மூடியிருந்தது. "மூணு வாட்டி கேட்டனுங்க. மூணு வாட்டியும் உருவிட்டாரு."

அருணகிரி பேனாவை எடுத்து நாச்சிமுத்துவின் விரல்களுக்கிடையே வைக்கப் பார்த்தார். விரல்கள் திறக்கவில்லை. பேரத்தில் எதிராளி பூஜ்யம், ஒப்பந்தமும் பூஜ்யம். தராசின் வாழ்நாளில் இப்படி நடந்ததில்லை. கேள், கேள் என்று அது காதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தது. கோகிலவாணி குமிழைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அவர்களை வழியனுப்ப அவள் வெளித் தாழ்வாரம் வரை வந்தாள். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது நாச்சிமுத்து அவளையே பார்த்தார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கறன், தப்பா நெனைக்காதீங்க. நேத்து இவ மூணு வாட்டி சோறு போட்டா. மூணு வாட்டியும் சரின்னீங்க. மூணாவது வாட்டி உங்க கண்ணுல தண்ணி வந்துருச்சு. மாட்டுத் தரகனுக்குக் கண்ணுதானுங்க சோறு போடுது. கையக் குடுங்க."

"சரிங்க" என்று கையை நீட்டினாள். அவர் துண்டைப் போட்டார். உள்ளே அவர் கை வெதுவெதுப்பாக, சாயம் ஊறிச் சொரசொரப்பாக இருந்தது.

"உசுரே போனாலும் நீங்க ஒத்துக்க மாட்டீங்களே, அதைக் கேக்கறன். நேத்து சொன்னீங்களே உங்க மகளைப் பத்தி, அவளைப் பாக்கறத இன்னியோட உட்டுப்போடுங்க."

என்ன விளையாட்டு இது என்று அவள் மனம் சொன்னது. போங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சரிங்க" என்றது அவள் குரல்.

துண்டுக்குள் அவள் கை அப்படியே கிடந்தது. உருவிக்கொள் என்று அதற்குச் சொன்னாள். மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னாள். கை அசையவில்லை. நாச்சிமுத்து நீண்ட நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, கனமான எதையோ கீழே வைப்பவர் மாதிரி, மெதுவாகத் தன் கையை வெளியே உருவிக்கொண்டார்.

"அவுரு உருவிட்டாருங்க" என்றாள் பாவாத்தாள், கோகிலவாணியின் கன்னத்தைத் தொட்டு. "பேரம் முறிஞ்சுபோச்சு. நீங்க எதையும் குடுக்க வேண்டியதில்ல கண்ணு. இந்தத் துண்டை வெச்சுக்குங்க. தெனமும் ஒருக்கா உருவிப் பாருங்க."

"சரிங்க."

லிஃப்ட் இறங்கியது. அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். காதில் குமிழ் இல்லாமல் கடைசியாக யாரிடம் வேண்டாம் என்று சொன்னோம் என்று யோசித்தாள். வீட்டில் இருக்கும் இரண்டு தண்ணீர் மெஷின்கள் நினைவுக்கு வந்தன. கோயம்புத்தூரை விட்டு வாருங்கள் என்று கம்பெனி கேட்டபோது, தான் யோசிக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அலமாரியைத் திறந்து, நேர்முகத் தேர்வு நடந்த அன்றே கொடுத்த வேலை நியமனக் கடிதத்தை எடுத்தாள். மெர்லின் காட்டிய முதல் வரியில் இருந்த அதே ஜூன் ஐந்து. அன்று அவளுக்கு எதிரே அருணகிரி, அவர் காதில் ஏதோ மின்னியது, இடையே மேசையில் ஒரு வட்டத் தட்டு. அவள் அதன் மேல் டம்ளரை வைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே நகர்த்தினார். இரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்த கதை.

"கோகிலா." அருணகிரி வந்து நின்றிருந்தார். முகத்தில் தோல்வியின் சுவடே இல்லை, புதுப் பொம்மை கண்ட உற்சாகம்தான். அவர் கண் அவள் மடியில் இருந்த துண்டின் மேல் போயிற்று. "அட, விட்டுட்டே போயிட்டாங்களா? நல்லதாப் போச்சு. துணிக்குள்ள கை பேசறதை நாம அளக்கவே இல்லை பாருங்க! பனியன் கம்பெனிக்கு இதுகூடவா முடியாது? நூலோட நூலா உணர்கருவியை வெச்சு நெய்துடலாம். அடுத்த தடவை துண்டு நம்ம துண்டா இருக்கட்டும். மெர்லினோட பேசித் திங்கட்கிழமைக்குள்ள ஒரு திட்டம் எழுதிக் குடுங்க. சரியா?"

அவள் வலது கை துண்டுக்கு அடியில் இருந்தது. இடது கையையும் உள்ளே விட்டு, வலது கையின் விரல்களைப் பற்றிக்கொண்டாள். உருவிக்கொள் என்றாள். உன்னால் முடியும், உருவிக்கொள். அறுபது குடும்பம், மூணு வாட்டி உருவிய ஒரு கை, எல்லாவற்றையும் அதற்கு நினைவுபடுத்தினாள்.

"சரிங்க சார்" என்றது குரல்.

அருணகிரி தலையசைத்துவிட்டுப் போனார். துண்டுக்குள் கை அசையாமல் இருந்தது, மறுத்துவிடு என்று யாராவது காதில் வந்து சொல்வார்கள் எனக் காத்திருப்பதுபோல.